உடைக்காமல் உள்ளே பார்த்தல்: சேர்த்திப் பொருட்களின் மறைந்த குறைகளும் அழிவற்ற சோதனைகளும்



“கழியொலியின் பயன்கள் மூன்று தருக” என்ற வினாவுக்குப் பெரும்பாலான மாணவர்கள் எழுதும் விடை இதுதான்: தாயின் கருப்பையிலுள்ள சிசுவைப் பார்த்தல், கடலின் ஆழத்தை அளத்தல், பொருட்களின் உள்ளேயுள்ள வெடிப்புகளைக் கண்டறிதல். முதலிரண்டையும் விளக்கச் சொன்னால் பலர் விளக்குவர். மூன்றாவதை விளக்கச் சொன்னால் பேனா நின்றுவிடும். மனப்பாடம் செய்த வரி அது. அந்த ஒரு வரிக்குள் இருக்கும் விஞ்ஞானத்தை இக்கட்டுரையில் படிப்படியாக நோக்குவோம். இதற்குத் தேவையானவை யாவும் நீங்கள் கற்றவையே: ஒலியின் தெறிப்பு, அலைநீளம், வெப்பக் கடத்தல், எக்ஸ் கதிர்கள்.

1. சேர்த்திப் பொருள் என்றால் என்ன?

வெவ்வேறு இயல்புடைய இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருட்களை ஒன்றுசேர்த்து, அவற்றுள் எதற்கும் தனியே இல்லாத நல்லியல்பைப் பெறும் பொருள் சேர்த்திப் பொருள் எனப்படும். இதில் ஒவ்வொரு பொருளும் தன் உருவை இழக்காமல் இருக்கும். கம்பி வைத்த கொங்கிறீற்று இதற்கு எளிய உதாரணம். கொங்கிறீற்று அமுக்கத்தைத் தாங்கும். ஆனால் இழுத்தால் வெடிக்கும். உருக்குக் கம்பி இழுவையைத் தாங்கும். இரண்டும் சேர்ந்தால் இரண்டையும் தாங்கும்.

நமது கரையோரங்களில் காணப்படும் கண்ணாடி நார்ப் படகுகளும் சேர்த்திப் பொருளால் ஆனவையே. கண்ணாடி நார்கள் வலிமையைத் தருகின்றன. அவற்றைச் சூழ்ந்துள்ள பிசின் நார்களை ஒன்றாகப் பிடித்து வைக்கின்றது. கண்ணாடி நாருக்குப் பதிலாகக் காபன் நாரைப் பயன்படுத்தினால் இன்னும் விறைப்பான, பாரம் குறைந்த பொருள் கிடைக்கும். 2011ஆம் ஆண்டு ஒக்டோபரில் பயணிகள் சேவையை ஆரம்பித்த போயிங் 787 விமானத்தின் கட்டமைப்பில், நிறையின்படி ஏறத்தாழ அரைப்பங்கு சேர்த்திப் பொருட்களாகும். விமானத்தின் பாரம் குறைந்தால் எரிபொருட் செலவும் குறையும்.

விமானங்களில் இது இரு வடிவங்களில் பயன்படுகின்றது.

(அ) படைத் தகடு: ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த தடிப்புடைய நார்ப் படைகள் பலவற்றை, நார்கள் வெவ்வேறு திசைகளில் அமையுமாறு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெப்பமும் அமுக்கமும் கொடுத்து இறுகச் செய்தது.

(ஆ) இடையீட்டுத் தகடு: இரு மெல்லிய தகடுகளுக்கு நடுவே தேன்கூடு போன்ற அறைகளைக் கொண்ட பாரமற்ற உள்ளீட்டை வைத்து ஒட்டியது. இரு பாண் துண்டுகளுக்கு நடுவே கறி வைத்தது போன்ற அமைப்பு என நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

2. குறை ஏன் வெளியே தெரிவதில்லை?

ஓர் அலுமினியப் பாத்திரத்தின்மீது கனமான பொருளொன்று விழுந்தால் பாத்திரம் நெளியும். நெளிவைக் கண்டதும் அடி விழுந்ததை அறிந்துகொள்வோம். காபன் நார்த் தகட்டின்மீது திருகுசாவி ஒன்று விழுந்தால் நடப்பது வேறு. தகடு சற்று வளைந்து உடனே தன் பழைய வடிவுக்குத் திரும்பிவிடும். மேற்பரப்பில் ஒரு சிறு தழும்புகூட இல்லாதிருக்கலாம். ஆனால் வளைந்த அந்தக் கணத்தில், உள்ளேயுள்ள படைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க முயன்று, இடையிலுள்ள பிசின் வெடித்திருக்கும். இவ்வாறு படைகள் ஒன்றைவிட்டொன்று விலகுதல் படைப்பிரிவு எனப்படும். பெரும்பாலும் அடி விழுந்த பக்கத்தில் சிறிதாகவும், உள்ளே செல்லச் செல்லப் பெரிதாகவும் இது பரவியிருக்கும்.

படைப்பிரிவில் நார் எதுவும் அறுபடவில்லையே, பின் ஏன் கவலை என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு ஒரு சிறு செயற்பாடு செய்து பாருங்கள். இருபது கடதாசிகளை ஒட்டாமல் அடுக்கி, இரு முனைகளிலும் பிடித்து உள்நோக்கி அமுக்குங்கள். அடுக்கு உடனே வளைந்து மடியும். அதே இருபது கடதாசிகளையும் பசை பூசி ஒட்டி, காயவிட்டு மீண்டும் அமுக்குங்கள். இப்போது அது மட்டை போல் விறைத்து நிற்கும். கடதாசியின் அளவு மாறவில்லை. ஒட்டு மட்டுமே மாறியது. படைப்பிரிவு ஏற்பட்ட தகடும் ஒட்டாத கடதாசி அடுக்கைப் போல், அமுக்கத்தின்போது படைபடையாக வளைந்து வலிமையை இழக்கின்றது.

இது தவிர வேறு குறைகளும் உண்டு. உற்பத்தியின்போது பிசினுள் அகப்படும் காற்றுக் குமிழிகள், தகடு தேன்கூட்டு உள்ளீட்டிலிருந்து கழன்றுவிடும் ஒட்டுப்பிரிவு, தேன்கூட்டு அறைகளுக்குள் புகும் நீர் என்பன அவற்றுட் சில. நீர் புகுந்தால் என்ன என்று எண்ண வேண்டாம். உயரப் பறக்கும்போது வெளியே வெப்பநிலை மறை 50 பாகை செல்சியசுக்கும் கீழே போகலாம். நீர் பனிக்கட்டியாக மாறும்போது கனவளவு கூடும் என்பதை அறிவீர்கள். அந்த விரிவு ஒவ்வொரு பறப்பிலும் ஒட்டைச் சிறிது சிறிதாக நெம்பித் தள்ளும்.

3. ஓர் உண்மைச் சம்பவம்

2005 மார்ச் 6ஆம் திகதி, எயார் ட்ரான்சட் நிறுவனத்தின் 961ஆம் இலக்கப் பறப்பு கியூபாவிலுள்ள வரடேரோவிலிருந்து கனடாவின் கியூபெக் நகரை நோக்கிப் புறப்பட்டது. எயார்பஸ் ஏ310 வகையைச் சேர்ந்த அவ்விமானத்தில் 262 பயணிகளும் 9 பணியாளர்களுமாக 271 பேர் இருந்தனர். 35,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது பலத்த சத்தம் கேட்டது. விமானம் இடமும் வலமுமாக அலைந்தாடத் தொடங்கியது. விமானிகள் உயரத்தைக் குறைத்து, விமானத்தைத் திருப்பி வரடேரோவிலேயே பாதுகாப்பாக இறக்கினர். இறங்கிப் பார்த்தபோது வாற்பகுதியிலுள்ள சுக்கானின் பெரும்பகுதி காணப்படவில்லை. வானில் கழன்று போயிருந்தது.

சுக்கான் என்பது விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்ப உதவும் பகுதி. இவ்விமானத்தின் சுக்கான் காபன் நார்த் தகடுகளும் தேன்கூட்டு உள்ளீடும் கொண்ட இடையீட்டுத் தகட்டால் ஆனது. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இதனை விசாரித்தது. விமானம் புறப்படும்போதே சுக்கானின் உள்ளே ஒட்டுப்பிரிவோ உள்ளீட்டு முறிவோ இருந்தது என்றும், பறக்கும்போது அது பெருகியதால் சுக்கான் கழன்றது என்றும் சபை முடிவு செய்தது. அத்தகைய சுக்கான்களுக்கு அப்போது விதிக்கப்பட்டிருந்த பரிசோதனை முறை, குறைகளை உரிய காலத்தில் கண்டறியப் போதுமானதன்று என்றும் கூறியது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில், பராமரிப்பு வேலையின்போது சேதமடைந்த ஏ300-600 வகை விமானச் சுக்கான் ஒன்று ஆராயப்பட்டது. வேலையின்போது ஏற்பட்ட சேதத்துடன் எவரும் எதிர்பாராத வேறொன்றும் தெரிய வந்தது. உட்பக்கத் தகடு தேன்கூட்டு உள்ளீட்டிலிருந்து பெரும் பரப்பில் பிரிந்திருந்தது; அங்கே நீரியல் எண்ணெயின் தடயமும் இருந்தது. தற்செயலாக வேறொரு சேதம் ஏற்பட்டிராவிட்டால் அந்தக் குறை மேலும் பல பறப்புகளுக்கு மறைந்தே இருந்திருக்கும். 2006 மார்ச்சில் அந்நாட்டின் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, இத்தகைய சுக்கான்களை அவசரமாகப் பரிசோதிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

ஆகவே நம்முன் உள்ள வினா இது. விமானத்தின் ஒரு பகுதியை வெட்டிப் பார்த்தால் குறை தெரியும். ஆனால் வெட்டிய பகுதியை மீண்டும் பயன்படுத்த முடியாது. வெட்டாமல், உடைக்காமல் உள்ளே பார்ப்பது எப்படி? பொருளின் பயன்பாட்டுக்கு ஊறு செய்யாமல் அதன் குறையைக் கண்டறியும் முறைகள் அழிவற்ற சோதனைகள் எனப்படும்.

4. சோதனை முறைகள்

(அ) தட்டிக் கேட்டல்

சந்தையில் மண்பானை வாங்குபவர் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார். “ணங்” என்று ஒலித்தால் வாங்குவார். மந்தமாக ஒலித்தால் வெடிப்பு இருக்கிறது என்று வைத்துவிடுவார். விமானப் பராமரிப்பாளரும் நாணயம் அல்லது சிறு சுத்தியலால் தகட்டை வரிசையாகத் தட்டிச் செல்கிறார். ஒட்டு நன்றாக உள்ள இடம் விறைப்பாக இருப்பதால் ஒலி தெளிவாக இருக்கும். தகடு கழன்ற இடத்தில் விறைப்பு குறைவதால் ஒலியின் மீடிறன் குறைந்து மந்தமாகக் கேட்கும்.

இம்முறை எளியது, செலவு குறைந்தது. எனினும் மேற்பரப்புக்கு அண்மையிலுள்ள குறைகளுக்கே ஏற்றது. தடித்த தகட்டின் ஆழத்திலுள்ள குறையோ மறுபக்கத் தகட்டிலுள்ள பிரிவோ இதற்கு எளிதில் அகப்படாது. மேலே கூறிய இரண்டாவது சுக்கானில் பிரிவு உட்பக்கத் தகட்டில் இருந்ததை நினைவுகூருங்கள். வெளியிலிருந்து தட்டுபவரின் காதுக்கு அது எட்டுவது அரிது.

(ஆ) கழியொலிச் சோதனை

மனிதச் செவிக்குப் புலனாகும் மீடிறன் வீச்சு 20 ஹேட்ஸ் முதல் 20,000 ஹேட்ஸ் வரை ஆகும். அதற்கு மேற்பட்ட மீடிறனுடைய ஒலி கழியொலி. சேர்த்திப் பொருட்களைச் சோதிக்கப் பொதுவாக 1 முதல் 10 மெகாஹேட்ஸ் வரையான கழியொலி பயன்படுகின்றது.

இவ்வளவு உயர்ந்த மீடிறன் எதற்கு? ஓர் அலையால் தன் அலைநீளத்திலும் மிகச் சிறிய குறையைத் தெளிவாகக் காட்ட முடியாது. காபன் நார்த் தகட்டில் தடிப்பின் திசையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3000 மீற்றர். அலைநீளம் = வேகம் ÷ மீடிறன். 10,000 ஹேட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 0.3 மீற்றர், அதாவது 30 சென்ரிமீற்றர். 5 மெகாஹேட்ஸ் கழியொலிக்கு 0.6 மில்லிமீற்றர். சில மில்லிமீற்றர் அளவிலான குறையைத் தேடுவதற்கு எது பொருந்தும் என்பது தெளிவு. ஆனால் மீடிறன் கூடக்கூட அலை நார்களில் சிதறி விரைவில் வலுவிழக்கும். எனவே தடித்த பொருளுக்குக் குறைந்த மீடிறனையே தெரிவு செய்ய வேண்டியுள்ளது.

வைத்தியசாலையில் ஸ்கான் எடுக்கும்போது தோலின்மேல் குளிர்ந்த களி பூசுவார்கள். விமானத் தகட்டின்மேலும் அவ்வாறே களி அல்லது நீர் இடப்படுகின்றது. கழியொலி திண்மத்துக்கும் வளிக்கும் இடையிலான எல்லையை அடையும்போது ஏறத்தாழ முழுவதும் தெறித்துவிடும். கருவிக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய வளிப்படை இருந்தாலும் ஒலி உள்ளே போகாது. அதை அகற்றவே களி. படைப்பிரிவு கண்டறியப்படுவதற்குக் காரணமும் இதே இயல்புதான். பிரிந்த படைகளுக்கு நடுவே வளி இருக்கிறது. உள்ளே சென்ற கழியொலி அந்த வளியில் மோதித் தெறித்து, எதிரொலியாகத் திரும்பி வருகிறது. களி பூசுவதற்கும் குறை தெரிவதற்கும் காரணம் ஒன்றே என்பதை விளங்கிக்கொண்டால் இப்பகுதியை மறக்கமாட்டீர்கள்.

உதாரணக் கணிப்பு: 9 மில்லிமீற்றர் தடிப்புள்ள காபன் நார்த் தகடு ஒன்றில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 3000 மீற்றர். கழியொலித் துடிப்பு ஒன்றை அனுப்பியபோது 2 மைக்ரோசெக்கனின் பின் எதிரொலி கிடைத்தது. எதிரொலி வந்தது எங்கிருந்து?

செக்கனுக்கு 3000 மீற்றர் என்பது ஒரு மைக்ரோசெக்கனுக்கு 3 மில்லிமீற்றர் ஆகும்.
2 மைக்ரோசெக்கனில் ஒலி சென்ற மொத்தத் தூரம் = 3 × 2 = 6 மில்லிமீற்றர்.
ஒலி போய்த் திரும்பியிருப்பதால், ஆழம் = 6 ÷ 2 = 3 மில்லிமீற்றர்.

தகட்டின் பின்புறத்திலிருந்து எதிரொலி வர, 18 மில்லிமீற்றர் தூரத்துக்கு 6 மைக்ரோசெக்கன் எடுக்கும். ஆகவே 2 மைக்ரோசெக்கனில் வந்தது பின்புற எதிரொலி அன்று. மேற்பரப்பிலிருந்து 3 மில்லிமீற்றர் ஆழத்தில் ஒரு பிரிவு உள்ளது. இரண்டால் வகுக்க மறப்பதே இத்தகைய கணக்குகளில் மாணவர்கள் அதிகம் விடும் தவறு.

தேன்கூட்டுத் தகடுகளில் அறைகள் பெரும்பாலும் வெறுமையாக இருப்பதால் எதிரொலியை வாசிப்பது கடினம். அங்கே ஒரு பக்கத்தில் அனுப்பியையும் மறுபக்கத்தில் வாங்கியையும் வைத்து, நீர்த்தாரை ஊடாகக் கழியொலி செலுத்தப்படும். ஒட்டு நன்றாக உள்ள இடத்தில் அறைச் சுவர்கள் வழியே ஒலியின் ஒரு பகுதி மறுபக்கத்தை அடையும். ஒட்டு விட்ட இடத்தில் அடையாது.

(இ) எக்ஸ் கதிர்ச் சோதனை

எக்ஸ் கதிர் ஒரு பொருளினூடாகச் செல்லும்போது அதன் தடிப்புக்கும் அடர்த்திக்கும் ஏற்ப உறிஞ்சப்படுகின்றது. எனவே தேன்கூட்டு அறைக்குள் தேங்கிய நீர், நசுங்கிய அறைச் சுவர், பிசினிலுள்ள பெரிய குமிழி என்பவை படத்தில் நிழல் வேறுபாடாகத் தெரியும்.

ஆயினும் சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தில் படைப்பிரிவு பெரும்பாலும் தெரிவதில்லை. காரணத்தைச் சிந்தியுங்கள். பிரிவினால் பொருள் எதுவும் குறையவில்லை. படைகள் சற்று விலகியுள்ளன, அவ்வளவே. தகட்டுக்குச் செங்குத்தாக வரும் கதிர் முன்பிருந்த அதே அளவு பொருளினூடாகவே செல்கிறது. நிழலில் மாற்றமில்லை. கழியொலிக்கோ மேற்பரப்புக்குச் சமாந்தரமான இப்பிரிவு, நேரே பிடித்த கண்ணாடி போல் சிறந்த தெறிபரப்பாகும். மாறாக, மேற்பரப்புக்குச் செங்குத்தான வெடிப்பில் நேரே செல்லும் கழியொலி தெறித்துத் திரும்புவதில்லை. எக்ஸ் கதிருக்கு அத்தகைய வெடிப்பு அகப்பட வாய்ப்புண்டு. ஒன்றின் கண்ணுக்குத் தெரியாதது மற்றொன்றின் கண்ணுக்குத் தெரிகிறது.

(ஈ) வெப்பப் படச் சோதனை

தகட்டின் மேற்பரப்பைப் பலமான ஒளித் துடிப்பால் ஒரு கணம் வெப்பமாக்கி, பின்னர் அது குளிர்வதைச் செந்நிறக்கீழ்க் கதிர்க் கமராவால் படம் பிடிப்பர். குறையற்ற இடத்தில் வெப்பம் கடத்தல் மூலம் உள்ளே சென்றுவிடும். படைப்பிரிவு உள்ள இடத்தில் நடுவேயுள்ள வளி வெப்பத்தை அரிதிற் கடத்துவதால் வெப்பம் மேலேயே தேங்கும். அந்த இடம் மட்டும் சற்று நேரம் கூடுதல் வெப்பமாகத் தெரியும். தொடாமலே பெரும் பரப்பை விரைவாகச் சோதிக்கலாம் என்பது இதன் நன்மை. குறை ஆழத்திற்குப் போகப் போகப் படம் மங்கிவிடும் என்பது குறைபாடு.

5. சோதனைகளால் கூற முடியாதது

மேற்கூறிய முறைகள் பெரும்பாலும் இடைவெளியை, நீரை, அடர்த்தி மாற்றத்தைக் கண்டுபிடிக்கின்றன. ஆனால் இரு பரப்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இடைவெளியின்றி, அதேசமயம் பசை பிடிக்காமல் இருந்தால்? கழியொலி அதனூடாகத் தடையின்றிச் செல்லும். சோதனை “நன்று” என்று காட்டும். ஒட்டின் வலிமையை ஒட்டைப் பிரிக்காமல் நம்பகமாக அளப்பது இன்றும் பொறியியலாளருக்குப் பெருஞ்சவாலாகவே உள்ளது. ஆகவேதான் ஒட்டுவதற்கு முன் பரப்பைத் துப்புரவு செய்தல், பசையின் அளவு, வெப்பநிலை, நேரம் ஆகியவற்றைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்துகிறார்கள்.

கிடைத்த தரவைச் சரியாக வாசிப்பதும் சோதனையின் பகுதியே. 2023 ஜூன் 18ஆம் திகதி வட அத்திலாந்திக் கடலில், டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்கச் சென்ற டைட்டன் என்னும் நீர்மூழ்கி நசுங்கியதில் ஐவர் உயிரிழந்தனர். அதன் உருளை வடிவ உடல் காபன் நார்ச் சேர்த்திப் பொருளால் ஆனது. உடலில் எழும் சிறு ஒலிகளையும் விகாரத்தையும் பதிவு செய்யும் உணரிகளும் அதில் இருந்தன. 2022இல் ஒரு மூழ்கலின் பின்னர் உடலில் படைப்பிரிவு ஏற்பட்டு வலிமை குறைந்திருந்தது என்றும், பதிவான தரவை அதனை இயக்கிய நிறுவனம் சரிவர ஆராயவில்லை என்றும் 2025இல் அமெரிக்கத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணை முடிவு கூறியது. கருவி கேட்டது, கேட்டதன் பொருள் விளங்கிக்கொள்ளப்படவில்லை.

6. மீட்டற் குறிப்புகள்

• அழிவற்ற சோதனை: பொருளின் பயன்பாட்டுக்கு ஊறு செய்யாமல் குறையைக் கண்டறிதல்.
• தட்டிக் கேட்டல்: மேற்பரப்புக்கு அண்மையிலுள்ள ஒட்டுப்பிரிவுக்கு ஏற்றது.
• கழியொலி: மேற்பரப்புக்குச் சமாந்தரமான படைப்பிரிவுக்கு ஏற்றது, ஆழத்தையும் கூறும்.
• எக்ஸ் கதிர்: தேன்கூட்டிலுள்ள நீர், உள்ளீட்டுச் சேதம் என்பவற்றுக்கு ஏற்றது.
• வெப்பப் படம்: பெரும் பரப்பில் ஆழமற்ற குறைகளுக்கு ஏற்றது.
• எல்லாக் குறைகளையும் காட்டும் தனியொரு முறை இல்லை. எதிர்பார்க்கும் குறைக்கு ஏற்பவே முறையைத் தெரிவு செய்ய வேண்டும்.

மாதிரி வினாக்கள்

1. கழியொலிச் சோதனையில் களி பூசப்படுவது ஏன்?
விடை: கருவிக்கும் தகட்டுக்கும் இடையே வளி இருந்தால் கழியொலி அங்கேயே தெறித்துவிடும். வளியை அகற்றி ஒலியை உள்ளே செலுத்தவே களி பூசப்படுகின்றது.

2. கண்ணாடி நார்த் தகடொன்றில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 2500 மீற்றர் எனக் கொள்க. பின்புற எதிரொலி 8 மைக்ரோசெக்கனில் கிடைத்தால் தகட்டின் தடிப்பு யாது?
விடை: மொத்தத் தூரம் 2.5 × 8 = 20 மில்லிமீற்றர். தடிப்பு 20 ÷ 2 = 10 மில்லிமீற்றர்.

3. ஒரு தகட்டின் எக்ஸ் கதிர்ப் படத்தில் குறை எதுவும் தெரியவில்லை. “ஆகவே இத்தகடு குறையற்றது” என ஒருவர் கூறுகிறார். இக்கூற்றை ஏற்பீர்களா? காரணம் தருக.
விடை: ஏற்க முடியாது. படைப்பிரிவில் கதிர் கடக்கும் பொருளின் அளவு மாறாததால் அது எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரியாதிருக்கலாம். கழியொலியாலும் சோதித்த பின்னரே முடிவு கூறலாம்.

மூன்றாம் வினாவின் விடையை உங்கள் சொந்த வசனங்களில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். “குறை தெரியவில்லை” என்பதும் “குறை இல்லை” என்பதும் வெவ்வேறு கூற்றுகள். சுக்கானைப் பரிசோதிப்பவருக்கும், அவரை நம்பி விமானத்தில் ஏறுபவருக்கும் அந்த வேறுபாடு மிக முக்கியமானது.